இரும்பு அலுமாரியை இணையத்தில் திறப்பதா? கணினிக் கழகத்துக்கு ஒரு செயற்றிட்டம் தேவை

சுண்ணக்கட்டி | திங்கள், இரவு 9.10

வணக்கம் எல்லாருக்கும். முறிகண்டியில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பெயர் வேண்டாம், யாராவது கண்டுபிடித்தாலும் இங்கே போடாதீர்கள். கணினிக் கழகத்தில் பதினாலு பிள்ளைகள், வேலை செய்கிற கணினி ஒன்பது, தவணை முடியப் பதினொரு கிழமை. போன வருடம் மூன்று செயற்றிட்டம் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டோம். அதனால் இந்த வருடம் ஒன்றே ஒன்று, அதை முடித்துக் காட்டுங்கள் என்று அதிபர் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

பிள்ளைகள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஒரு பகுதிக்கு வரவு இடாப்பைப் போனில் எடுக்கிற செயலி செய்ய ஆசை. பிள்ளை வாசலில் அட்டையைக் காட்டும், போன் கியூஆர் குறியைப் படித்து வரவைப் பதியும். மற்றப் பகுதிக்கு அலுவலக அறை இரும்பு அலுமாரியில் கண். அதில் இருப்பது இவ்வளவும்தான்: சேர்விடாப்பு (பிள்ளைகள் பாடசாலையில் சேரும்போது பதிகிற புத்தகம்) நாலு, சம்பவத்திரட்டுப் புத்தகம் (பாடசாலையில் அன்றாடம் நடப்பதை எழுதுவது) இரண்டு, அச்சடித்த ஆண்டு மலர் ஆறு, பிள்ளைகள் கையால் எழுதி நூலால் தைத்த சஞ்சிகை பதினொன்று, ஒரு பிஸ்கற் ரின் நிறையப் படங்கள். மிச்சம் போய்விட்டது. எப்படிப் போனதென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஓர் இணையத்தளத்தில் போட்டு, பெயரைத் தட்டினால் பக்கம் வருகிற மாதிரிச் செய்யலாமே என்பது அவர்களின் யோசனை. அதிபரும் "முழுவதையும் போடுங்கோ சேர்" என்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் ஒரு சேர்விடாப்பை எடுத்துப் புரட்டினேன், அதற்குப் பிறகு எனக்கு அவ்வளவு நிச்சயமாக இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நிரல்வாதி | திங்கள், இரவு 9.42

சேர், கோபிக்கக் கூடாது. நான் மல்லாவிப் பெடியன், இப்போது கொழும்பில் மென்பொருள் வேலை. ஸ்கேன் பண்ணி ஏற்றுவது தொழினுட்பமே இல்லை, அது எழுதுவினைஞர் வேலை. பதினாலு பிள்ளைகளைப் பதினொரு கிழமைக்குத் தாள் புரட்ட விட்டுவிட்டு, கண்காட்சியில் நடுவர் வந்து "தம்பி நீ என்ன செய்தாய்" என்று கேட்டால் "பொத்தானை அமத்தினேன் சேர்" என்றா சொல்வது? வரவுச் செயலியில் தரவுத்தளம் இருக்கிறது, உள்நுழைவு இருக்கிறது, மாத முடிவில் அறிக்கை இருக்கிறது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்ததில் இருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் சேர்கிறார்கள், அவர்களுக்கு நிரல் எழுதிப் பழகிய கை வேண்டும். பழைய புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த வருடமும் அலுமாரிக்குள்தான் இருக்கும்.

கறையான் | திங்கள், இரவு 9.50

"பழைய புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது" என்று மல்லாவியில் பிறந்த ஒருவர் எழுதுவதை இன்றைக்குத்தான் வாசிக்கிறேன்.

நிரல்வாதி | திங்கள், இரவு 9.53

சரி சரி, வார்த்தை பிழைத்துவிட்டது. சொன்ன விஷயம் பிழையில்லை.

தரம்11 | திங்கள், இரவு 10.15

அண்ணா, நான் அந்தக் கழகத்தில்தான் இருக்கிறேன். (சேருக்கு நான் யாரென்று தெரியும், சேர் இதை வீட்டில் சொல்ல வேண்டாம், நான் இப்போது படித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.) போன வருடம் பாதியில் விட்ட மூன்றில் ஒன்று இந்த வரவுச் செயலிதான். செயலி வேலை செய்தது அண்ணா. இரண்டாம் நாள் தரம் 9இல் ஒருத்தன் ஐந்து அட்டையோடு வந்து ஐந்து பேருக்கும் வரவு போட்டான். மற்ற நாலு பேரும் குளத்தில். பிறகு ரீச்சர் வழமை மாதிரிப் பெயர் கூப்பிட்டுக் கடதாசி இடாப்பிலும் எழுதினார், அப்போது எங்கள் செயலி எதற்கு? கூட நிற்கிறவர்கள் இப்போது முகத்தைப் படம் பிடித்து அடையாளம் காணுகிற மாதிரிச் செய்வோம் என்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் முழு மனதாக இல்லை.

பாலைமரத்தடி | செவ்வாய், காலை 7.05

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், இங்கே இன்னும் திங்கள் இரவு. 1989இல் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எடுத்தவன், எந்தப் பாடசாலை என்று இப்போது விளங்கிவிட்டது, எழுதவில்லை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் போடுங்கள். ஒரு தாள் விடாமல் போடுங்கள். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்தன என்று மேடைக்கு மேடை சொல்கிறோம், அதில் படிக்க வேண்டிய பாடம் ஒரே ஒரு பிரதி ஒரே ஒரு கட்டடத்தில் இருக்கக் கூடாது என்பதுதானே. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைக்கவா காப்பாற்றினோம்? அரசாங்கப் பாடசாலையின் பதிவு பொது ஆவணம், 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தாயிற்று. என் பேரப்பிள்ளை இங்கே இருந்தபடி "இதுதான் தாத்தாவின் சேர்விலக்கம்" என்று பார்க்க வேண்டும். ஸ்கேனர் வாங்கக் காசு நாங்கள் அனுப்புகிறோம், எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு சொல் போட்டால் போதும்.

ஓய்வூதியம் | செவ்வாய், காலை 8.30

பாலைமரத்தடித் தம்பிக்கு ஒரு இலக்கணக் கேள்வி. "காப்பாற்றினோம்" என்பதில் அந்த "ஓம்" விகுதிக்குள் யார் யார் இருக்கிறீர்கள்?

குறையாகச் சொல்லவில்லை, பகிடிக்குத்தான். அந்த நாலு சேர்விடாப்பையும் 2008 இறுதியில் உழவு இயந்திரப் பெட்டியில், யூரியாப் பைக்குள் போட்டுத் தறப்பாளால் சுற்றி ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அப்போது ஒன்பது. தருமபுரத்தில் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது, விசுவமடுவுக்கு அப்பால் நடந்ததை எழுதவில்லை, செட்டிக்குளம் முகாமுக்குள் போனபோது நாலு. அடுப்பு எரிக்கக் கேட்டார்கள், மழைக்குத் தலைக்கு வைக்கக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? ஊருக்குத் திரும்பினால் பிள்ளைகள் விடுகைப் பத்திரம் கேட்டு வருவார்கள், பிறந்த திகதியும் சேர்விலக்கமும் இல்லாமல் எதைப் பார்த்து எழுதுவது என்ற ஒரே யோசனைதான். வந்தார்கள். 2010இலும் 2011இலும் வரிசையில் நின்றார்கள். உலகம் பார்க்கட்டும் என்று நான் அதைச் சுமக்கவில்லை. உலகம் பார்க்கக் கூடாது என்றும் சுமக்கவில்லை, அந்த யோசனையே அப்போது இல்லை.

கறையான் | செவ்வாய், காலை 11.20

ஐயா எழுதியதற்குப் பிறகு எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். எட்டு வருடம் பழைய தாள்களோடு வேலை செய்தவன் நான், இந்தப் பெயரும் அதனால் வந்ததுதான்.

சேர்விடாப்பில் என்ன இருக்கிறது என்று பாலைமரத்தடி அண்ணாவுக்கு மறந்திருக்கும். சேர்விலக்கம், முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயர், அவரின் தொழில், முகவரி, சமயம், முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம். இதை ஒரு வரியில் வைத்துக் கூகுளில் தேடுகிற மாதிரிச் செய்து தந்தால் வங்கி மோசடிக்காரன் உங்களுக்கு நன்றி சொல்லுவான். பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் முகவரியும் தெரிந்தால் தொலைபேசியில் ஒரு ஆளாக நடிக்க வேறு என்ன வேண்டும்? பாதுகாவலர் என்ற இடத்தில் சிறுவர் இல்லம் என்று எழுதப்பட்ட பிள்ளை இன்றைக்கு எங்காவது திருமணம் செய்து குடும்பமாக இருக்கும், அது தன் கதையை யாருக்குச் சொல்வது என்று தானே தீர்மானிக்கட்டும். தகப்பனின் தொழில் எழுதியிருக்கிற விதத்தில் சாதி தெரிகிற வரிகளும் இருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள், நாங்கள் எல்லாரும் இந்த மண்ணில்தான் வளர்ந்தோம்.

சட்டம் சொல்கிறீர்களா, சரி. நீங்கள் காட்டிய தகவல் அறியும் உரிமைச் சட்டமே 5ஆம் பிரிவில் தனிநபர் விபரத்தை மறுக்கலாம் என்கிறது. அதற்குப் பிறகு 2022இல் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, பிள்ளைகள் பற்றிய தரவை அது விசேட வகைக்குள் வைக்கிறது. அதை அதிபர் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, பதினைந்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஊராரின் பதிவை ஏற்ற வேண்டாம்.

ஸ்கேன் பண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் பண்ணுங்கள், அதுவும் முதலில் சேர்விடாப்பைப் பண்ணுங்கள். ஸ்கேன் பண்ணுவது வேறு, இணையத்தில் போடுவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லாகப் பேசுவதால்தான் இந்தச் சண்டை.

பாலைமரத்தடி | செவ்வாய், மாலை 6.15

இப்படிப் பயந்து பயந்துதான் எங்களிடம் ஒரு வரலாறும் இல்லாமல் போனது. வெள்ளைக்காரன் தன் தேவாலயப் பதிவேடு முழுவதையும் போட்டு வைத்திருக்கிறான், நூறு வருடத்துக்கு முந்தியவனின் ஞானஸ்நானத் திகதியை நான் வீட்டில் இருந்து பார்க்கிறேன். எங்களுக்கு மட்டும் எல்லாம் இரகசியம்.

கறையான் | செவ்வாய், மாலை 6.40

நூறு வருடத்துக்கு முந்தியவனுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா.

சுண்ணக்கட்டி | செவ்வாய், இரவு 9.30

நான் சேர்விடாப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். கடைசிப் பக்கங்களில் "விலகிய காரணம்" என்ற நிரலில் முதல் வரியில் இடம்பெயர்வு என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே மேற்படி என்று இரண்டு சின்னக் கோடு. அதற்குக் கீழேயும் இரண்டு கோடு. பக்கம் முழுக்க, அடுத்த பக்கமும், ஒரே மை, ஒரே கை. இடையில் ஏழெட்டு வரியில் கோடும் இல்லை, காரணமும் இல்லை, திகதியும் இல்லை, வெறுமையாக விட்டிருக்கிறது. ஏன் வெறுமையாக விட்டார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. தரம் 11 பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்று "சேர், இதையும் ரைப் பண்ணுவதா, வெறுமையான இடத்தில் என்ன போடுவது?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை.

தறப்பாள் | புதன், காலை 5.50

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அது எங்கள் பாடசாலை என்றுதான் நினைக்கிறேன். என் தம்பி 2001இல் அங்கே முதலாம் ஆண்டு சேர்ந்தவன், நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன், புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று வழி முழுக்க அழுதான். 2009க்குப் பிறகு அவன் எங்களிடம் இல்லை. அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதி பிறகு நடமாடும் சேவை ஒன்றில் கிடைத்தது. படம் ஒன்றும் இல்லை, கொப்பி ஒன்றும் இல்லை. அவன் நடந்து போய் ஓர் இடத்தில் இருந்தான் என்று, அவனை நேரில் பார்த்த ஒருவர் பேனையால் எழுதிய வரி ஒன்று இருக்குமென்றால் அது அந்தச் சேர்விடாப்பில்தான் இருக்கும். சேர் சொன்ன அந்த வெறும் வரிகளில் ஒன்றாகவும் இருக்கலாம்.

கறையான் அண்ணா, நீங்கள் சொல்கிற மோசடி எல்லாம் விளங்குகிறது. ஆனால் அவன் பெயரை உலகத்தில் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது. மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

கறையான் | புதன், காலை 9.15

தங்கச்சி, உங்களுக்குக் காட்ட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தின் நல்ல பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும், அது உங்கள் உரிமை. ஆனால் அதே பக்கத்தில் இன்னும் இருபத்தொன்பது பேர் இருப்பார்கள். அதில் ஒருவரின் அக்கா உங்களைப் போல நினைப்பார், இன்னொருவரின் அம்மா பெயர் வெளியே வந்தால் யார் வந்து கேட்பார்களோ என்று இன்றைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவரை இங்கே வந்து எழுதச் சொன்னால் எழுத மாட்டார். அவர் எழுதாததால்தான் அவருக்காக நான் எழுத வேண்டியிருக்கிறது.

நிரல்வாதி | புதன், மதியம் 12.40

இதற்குத் தொழினுட்பத்தில் ஒரு வழி இருக்கிறது. பக்கத்தைக் காட்ட வேண்டாம். பெயரும் பிறந்த திகதியும் இரண்டும் சரியாகக் கொடுத்தால் மட்டும் "பதிவு இருக்கிறது, பாடசாலையோடு தொடர்புகொள்ளுங்கள்" என்று ஒரு வரி வரட்டும். இப்போது இது உண்மையான செயற்றிட்டம், எனக்கே செய்ய ஆசை வருகிறது.

தரம்11 | புதன், பின்னேரம் 3.05

அண்ணா, பிறந்த திகதி ஒரு வருடத்துக்கு 365தான். வயது குத்துமதிப்பாகத் தெரிந்தால் ஐந்து வருடத்துக்கு 1,826 முயற்சி. நான் பைத்தன் நிரல்மொழியில் ஒரு சுற்று எழுதினால் தேநீர் குடித்து முடிக்க முதல் முடிந்துவிடும்.

நிரல்வாதி | புதன், பின்னேரம் 3.30

முயற்சிக்கு எல்லை வைக்கலாம், ஒரு முகவரியில் இருந்து மூன்று தரம் பிழைத்தால் பூட்டலாம்... ஆனால் சரி, நீ சொல்வது சரி. அதைப் பாதுகாப்பாகச் செய்து வருடக் கணக்காகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நீங்கள் ஓ.எல் முடிந்து போனால் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? எனக்குச் சம்பளம் தந்தாலே நான் இரண்டு தரம் யோசிப்பேன். உன் பெயரைக் குறித்து வைக்கிறேன் தம்பி.

ஓய்வூதியம் | புதன், மாலை 5.00

எல்லாரும் சேர்விடாப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். சம்பவத்திரட்டைப் பற்றி, அதை எழுதியவன் நான் சொல்கிறேன். நல்ல வரிகள் இருக்கின்றன: காலபோக அருவி வெட்டு, வரவு பாதிக்கும் குறைவு. குளம் வான் பாய்கிறது, பாலத்துக்கு அப்பால் பிள்ளைகள் வரவில்லை. சுண்ணக்கட்டி முடிந்தது. (சேர், உங்கள் பெயரைச் சொல்லவில்லை.) அதே புத்தகத்தில் ஓர் ஆசிரியை பிந்தி வந்ததை மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். அவர் ஏன் பிந்தினார் என்று ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதை நான் எழுதவில்லை, எழுத இடமும் விடவில்லை. அந்தப் பக்கத்தை இன்றைக்குப் போட்டால் நான் ஒழுங்கானவன், அவர் பிந்தி வந்தவர். அவ்வளவுதான் தெரியும்.

பாலைமரத்தடி | புதன், இரவு 8.20

அப்படியென்றால் போட ஒன்றுமே இல்லை! சேர்விடாப்பு வேண்டாம், சம்பவத்திரட்டு வேண்டாம். பிறகு என்ன, பிஸ்கற் ரின்னையா படம் பிடித்துப் போடுவது?

சுண்ணக்கட்டி | புதன், இரவு 9.00

பதினொரு கையெழுத்துச் சஞ்சிகையும் ஆறு மலரும் இருக்கின்றனவே. இன்றைக்குக் கழகத்தில் அதைத்தான் எடுத்துப் பார்த்தோம். சஞ்சிகை ஒவ்வொன்றும் நாற்பது பக்கம் அளவு, மலர் நூறு பக்கம் அளவு, எல்லாம் சேர்த்து ஆயிரம் பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஸ்கேனர் வேண்டாம் என்று நினைக்கிறேன், தைத்த புத்தகத்தைக் கண்ணாடியில் அமத்தினால் முதுகு போய்விடும். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்று எடுத்தால் ஓர் ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளி, ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவு, பிள்ளைகளின் போனே போதும். ஒரு பழைய கதிரையின் பலகையில் ஓட்டை போட்டுப் போனை நேராகக் கீழே பார்க்க வைத்தோம், யன்னல் பக்க வெளிச்சம், கீழே கறுப்புத் துணி.

நிரல்வாதி | புதன், இரவு 9.25

எந்தக் கோப்பு வடிவத்தில் வைக்கப் போகிறீர்கள்? சுருக்காத டிஃப் என்றால் பக்கத்துக்கு 26 எம்பி வரும், ஆயிரம் பக்கத்துக்கு 26 ஜிபி, கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் அடங்காது. ஜேபெக் என்றால் எல்லாம் சேர்த்து மூன்று ஜிபிக்குள் முடியும். ஆனால் என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது, இதில் பிள்ளைகள் படிக்கிற தொழினுட்பம் எங்கே?

தரம்11 | புதன், இரவு 10.10

அண்ணா, இருக்கிறது. இன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். 2004 மலரின் மூலக் கோப்பு ஒரு சிடியில் கிடந்தது, திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பழுதாகிவிட்டது என்று நினைத்தோம். சேர் சிரித்துவிட்டு "பாமினி" என்றார். அந்த எழுத்துருவைப் போட்டால் கண்ணுக்குத் தமிழ், ஆனால் கணினிக்கு உள்ளே ஆங்கிலம், தேடினால் ஒன்றும் வராது. நானும் இன்னொருத்தியும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற ஒரு அட்டவணை எழுதினோம், இந்த எழுத்துக்கு இது என்று. எல்லாம் சரி, "கொ" மட்டும் உடைந்து வந்தது. பாமினியில் கொம்பு (ெ) முதலில், பிறகு க, பிறகு அரவு (ா), தாளில் எழுதுகிற ஒழுங்கில் இருக்கிறது. யூனிகோடில் க முதலில், கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறி பின்னால். மூன்று எழுத்துக் கூட்டை முதலில் மாற்றி, பிறகு இரண்டு எழுத்து, பிறகு ஒற்றை என்று போக வேண்டும். ஒழுங்கு மாறினால் "கொக்கு" வேறு ஏதோவாக வருகிறது. இரண்டு மணித்தியாலம் போனது தெரியவில்லை.

நிரல்வாதி | புதன், இரவு 10.18

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் திங்கட்கிழமையே வாயை மூடியிருப்பேன்.

கறையான் | வியாழன், காலை 8.00

பழைய அச்சு மலர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. கூகுள் டொக்ஸில் படத்தைத் திறந்தாலோ டெசரக்ட் என்ற மென்பொருளில் கொடுத்தாலோ அச்செழுத்தைப் படித்துத் தரும், ஆனால் தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் இங்கே பல அச்சகங்கள் பழைய அச்சையே வைத்திருந்தன. லையும் னையும் யானைத் தும்பிக்கை மாதிரிப் பழைய வடிவில் வருகிற இடத்தில் இயந்திரம் தடுமாறும், பிள்ளைகள் திருத்தித்தான் ஆக வேண்டும். கையெழுத்தை அது ஒழுங்காகப் படிக்காது, அதற்குத் தலைப்பும் எழுதியவர் பெயரும் வருடமும் மட்டும் ஒரு அட்டவணையில் போட்டால் போதும்.

அப்புறம், தனித்தளம் தொடங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் திட்டம் 2005இல் இருந்து இந்த வேலையைச் செய்கிறது, பாடசாலை மலர்களும் அதில் இருக்கின்றன. கோப்புகளை அங்கே கொடுங்கள்.

பாலைமரத்தடி | வியாழன், காலை 8.40

இல்லை, எங்கள் பாடசாலைக்கென்று சொந்தத் தளம் வேண்டும். பாடசாலைகளுக்கென்றே எல்கே (.lk) இணைய முகவரி இருக்கிறதே, அதை எடுங்கள். வருடாந்தக் காசு எங்கள் பொறுப்பு.

கறையான் | வியாழன், காலை 8.55

நீங்கள் இருக்கும்வரை உங்கள் பொறுப்பு அண்ணா, சந்தேகமில்லை. நானும் ஒருகாலத்தில் ஓர் இலவசத் தளத்தில் ஊர்ப் படங்கள் முந்நூறு ஏற்றினேன். ஒருநாள் தளமே இல்லை, அறிவித்தல் என் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்ததாம். பாடசாலைப் பக்கம் வேண்டுமானால் வைத்திருங்கள், பிள்ளைகளின் தேடல் அட்டவணை அதில் இருக்கட்டும், படங்கள் நூலகத்தில் இருக்கட்டும். பக்கம் செத்தாலும் புத்தகம் சாகாது. இன்னொன்று, சஞ்சிகையில் எழுதியவருக்குப் பதிப்புரிமை இருக்கிறது, 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும். உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பாலைமரத்தடி | வியாழன், காலை 9.02

பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிய கட்டுரைக்கு யார் வந்து உரிமை கேட்கப் போகிறார்கள்? போடுங்கள், போடுங்கள். சந்தோஷப்படுவார்கள்.

தரம்11 | வியாழன், பின்னேரம் 3.40

ஐயா, 1988 சஞ்சிகையில் பதினேழாம் பக்கத்தில் "பாலைமரத்தடி" என்ற புனைபெயரில் ஒரு கவிதை இருக்கிறது. பாலைப்பழக் காலத்தில் ஒரு பிள்ளை சைக்கிளில் போவதைப் பற்றி. அது நீங்களா? நல்ல கவிதை. எங்களோடு படிக்கிற ஒருத்தி கண்டுபிடித்தாள், ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே வாசித்தால் ஒரு பெயர் வருகிறது. அதையும் அட்டவணையில் போடுவதா?

பாலைமரத்தடி | வியாழன், பின்னேரம் 3.52

தம்பி வேண்டாம்.

தயவுசெய்து அந்தப் பக்கத்தை மட்டும் விடுங்கள். அந்தப் பெயருக்குரியவர் இங்கே எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், மூன்று பிள்ளைகள், கணவர் எனக்கு நல்ல பழக்கம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கோவிலுக்குப் போகிறோம். என் மனைவியும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவ. வகுப்பில் அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை!

கறையான் | வியாழன், பின்னேரம் 3.55

ஒரு தாள் விடாமல் போடச் சொன்னீர்களே அண்ணா.

ஓய்வூதியம் | வியாழன், மாலை 4.30

நான் அப்போதே கண்டுபிடித்தேன் தம்பி. சஞ்சிகைக்குப் பொறுப்பாசிரியர் நான்தானே. எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டுப் பேசாமல் விட்டேன்.

பாலைமரத்தடி | வியாழன், மாலை 5.10

சேர்!! நீங்களா. வணக்கம் சேர். முதல் நாள் விகுதி கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி. சேர்விடாப்பு விஷயத்தில் இனி நான் ஒன்றும் சொல்லவில்லை. காசு ஸ்கேனருக்கு இல்லையென்றால் வேறு எதற்கென்று சொல்லுங்கள், அனுப்புகிறோம்.

சுண்ணக்கட்டி | வியாழன், இரவு 9.15

அதிபரோடு இன்றைக்குப் பேசினேன், அவருக்கு ஏமாற்றம்தான், திறப்பு விழாவுக்கு மனதுக்குள் ஆள் கூடப் பார்த்து வைத்திருந்தார் போல. செய்யப் போவது இது: பதினொரு சஞ்சிகையும் ஆறு மலரும். பாமினி மாற்றியும் தேடல் அட்டவணையும் பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதியவர்களில் கண்டுபிடிக்கக் கூடியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவது, வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தில் "எழுதியவர் விருப்பப்படி" என்று ஒரு குறிப்பு மட்டும். (பதினேழாம் பக்கம் உட்பட.) பிஸ்கற் ரின் படங்களுக்கு ஆள் அடையாளம் காணவே ஒரு வருடம் போகும், அது பிறகு.

சேர்விடாப்பையும் சம்பவத்திரட்டையும் நானும் இன்னோர் ஆசிரியரும் மட்டும் படம் எடுப்போம், பிள்ளைகள் இல்லை. பாலைமரத்தடி அண்ணா, காசுக்கு இரண்டு வன்தட்டு வாங்கித் தாருங்கள். ஒன்று பாடசாலையில், மற்றதை வலயக் கல்வி அலுவலகத்தில் வைக்கக் கேட்டு எழுதியிருக்கிறோம். இணையத்தில் ஒரு வரிதான் வரும்: எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை சேர்விடாப்பு இருக்கிறது, பிரதி தேவையானவர்கள் எப்படிக் கேட்பது. வெறும் வரிகளை வெறுமையாகவே விடுகிறோம்.

நிரல்வாதித் தம்பி, சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளோடு இணையவழியில் இருக்க முடியுமா?

நிரல்வாதி | வியாழன், இரவு 9.40

இருக்கிறேன் சேர். அந்தக் "கொ" பிள்ளையைக் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

தறப்பாள் | வியாழன், இரவு 10.30

இணையத்தில் வராது என்பது எனக்கு இன்னும் சம்மதமில்லை. அதற்காகச் சண்டை பிடிக்கவும் இல்லை. 2001 அந்த நாலில் இருக்கிறதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வூதியம் | வெள்ளி, காலை 6.10

இருக்கிறது பிள்ளை. நாலில் கடைசிப் புத்தகம், நீல மட்டை, ஒரு மூலை நனைந்தது. 2001 தை மாதப் பக்கங்கள் நனையவில்லை. அடுத்த வெள்ளி பத்து மணிக்கு வாருங்கள், நானும் வருகிறேன், அதிபரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடையாள அட்டையும் அந்தப் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வந்தால் போதும். அம்மாவுக்கு நடக்க முடியுமென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள், கதிரை இருக்கிறது. அலுமாரிக் கதவு கொஞ்சம் இழுபடும், எனக்கு இப்போது அந்தப் பலம் இல்லை, சுண்ணக்கட்டி சேர் நின்றால் நல்லது.

சுண்ணக்கட்டி | வெள்ளி, காலை 6.25

நிற்பேன் ஐயா. வெள்ளிக்கிழமை எனக்கு முதல் இரண்டு பாடம்தான்.